குறுஞ்சுனைக்குப் புள்ளியின்றிப் போன ஓலை

மண் நனைக, மாடு பெருகுக, மன்னவன் கோல் வளையாது நிற்க.

ஆரல் மண்டலம் முழுதுடையவரும், மும்முனைப் போரும் வென்றவருமாகிப் பொன்வாயில் மாநகரில் வீற்றிருந்தருளும் நெடுவேலரையத் தேவரின் திருவடிகளுக்கு, அவர்தம் ஓலைநாயகமாய் இருபத்தாறு யாண்டு எழுத்தாணி பிடித்தவனும், இப்போது அவர் ஆணையால் குறுஞ்சுனை நாட்டில் நீதி செலுத்த வந்திருப்பவனுமான எயினன் காரி வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீர் திருமேனியும், தேவியார் திருமேனியும், பட்டத்து யானையும், பொன்வாயிலின் நான்கு கோட்டை வாயில்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நலம் என்று எழுத ஒன்றும் இல்லை.

பிடிபட்ட முப்பத்தேழு பேரைப் பற்றித் தேவரீர் விடுத்தருளிய ஓலை ஆவணித் திங்கள் மூன்றாம் நாள் என் கைக்கு வந்தது. அந்த முப்பத்தேழு பேரும் இதை எழுதும் இவ்வேளை வரை உயிரோடு இருக்கிறார்கள். தண்டநாயகன் விடங்கன் இதையே வேறு விதமாக எழுதியிருப்பான். அவன் குதிரை என் ஆளை முந்தியும் இருக்கும். அவன் சொன்னதைக் கேட்ட செவியால் நான் சொல்வதையும் கேட்டருள வேண்டும். இருபத்தாறு யாண்டு தேவரீர் சொல்ல நான் எழுதினேன். ஒரு முறை நான் எழுதத் தேவரீர் கேட்பது பெரிய குற்றம் ஆகாது.

குறுஞ்சுனை நாட்டைத் தேவரீருக்குப் புகழ்ந்து சொன்னவனே அடியேன்தான். ஐந்து யாண்டுக்கு முன் எல்லைக்கல் நடும் வேலையாக இங்கே வந்து மூன்று நாள் தங்கினேன். நெய் மணத்தது, சுனைநீர் இனித்தது, ஏர் உழுபவன் வீட்டிலும் இரண்டு வேளைச் சோறு இருந்தது. பொன்வாயிலில் ஒரு குடும்பம் ஒரு திங்களில் தின்று தீர்ப்பதை வைத்து இங்கே அரை யாண்டு தள்ளலாம் என்று கண்டேன். திரும்பி வந்து, 'வாழ்வதற்கு எளிய நாடு' என்று எழுதிக் கொடுத்தேன். சொல் அழகாக இருக்கிறதென்று தேவரீர் மெச்சி எனக்குப் பட்டாடை போர்த்தினீர். அந்தப் பட்டை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. இந்நாடு ஏன் எளிதாக இருக்கிறது என்று அந்த மூன்று நாளில் நான் ஒருவரையும் கேட்கவில்லை.

இப்போது கேட்டறிந்ததைச் சொல்கிறேன். இந்நாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவனும் வாங்குபவனும் கைகோத்து, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒருவன் விரலை மற்றவன் பிடிப்பான். எத்தனை விரல், எந்தக் கணு என்பதுதான் விலை. மாட்டுக்கு மட்டும் இல்லை. நெல்லுக்கும் உப்புக்கும், குடியிருக்கப் பிடிக்கும் வீட்டுக்கும் இதே முறை. இல்லாதவன் இரண்டு விரல் கொடுப்பான், இருப்பவன் நான்கு விரல் கொடுப்பான். நெல் ஒரே நெல்தான். யார் எத்தனை கொடுத்தார் என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்பது இழிவு. ஏழை தலை நிமிர்ந்து வாங்கினான். விற்றவன் நான்கு விரல்காரனிடம் ஈடு கட்டிக்கொண்டான். நான் 'எளிய நாடு' என்று எழுதியது இந்தத் துண்டுக்குள் இருந்த எளிமையைத்தான். அப்போது அது எனக்கு மாட்டுத் தரகர்களின் கோமாளித்தனமாகத் தெரிந்தது.

போர் முடிந்து, குதிரைச் சேவகர்களுக்கும் அரண்மனைப் பணியிலிருந்து நின்றவர்களுக்கும் இருக்க இடம் தேடியபோது தேவரீருக்கு என் ஓலை நினைவு வந்தது. முதலில் தொண்ணூறு குடும்பங்கள் வந்தன, அடுத்த யாண்டு நூற்றைம்பது. வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். பொன்வாயிலில் நாலு முழ அறையில் கிடந்து வெந்தவர்கள்; இங்கே காற்றையும் நீரையும் கண்டு குழந்தைகள் போல மகிழ்ந்தார்கள். ஆனால் அழுக்குத் துண்டுக்குள் கைவிட அவர்களுக்கு அருவருப்பு. சந்தை நடுவே நின்று விலையைக் கூவிக் கேட்டார்கள், கேட்டதைக் கூவிக் கொடுத்தார்கள். தலைநகர விலைக்குப் பழகியவர்களுக்கு இங்கே எதுவும் அதிகமாகத் தெரியவில்லை. ஒரு முறை வாயால் சொல்லப்பட்ட விலை எல்லாருக்கும் விலையாயிற்று. இரண்டு விரல்காரன் துண்டை நீட்டினால், அதோ அவர் இவ்வளவு கொடுத்தாரே என்று விற்பவன் கையை இழுத்துக்கொண்டான். நான்கே யாண்டில், நெல் விளைவித்தவன் தன் வயலின் நெல்லை வாங்க முடியாமல் தினைக்கும், தினை முடியாமல் கிழங்குக்கும் போனான்.

வீடுகளும் அப்படியே கைமாறின. ஊருக்குள் இருந்தவர்கள் வயல் வரப்புக்குப் போய்க் கீற்று மறைப்பில் குடியிருந்தார்கள். பால் முழுவதும் வந்தவர்கள் வீட்டுக்குப் போனது. இந்நாட்டுக்குப் பெயர் தந்த சுனையைச் சுற்றிக் குதிரைகள் நீர் கலக்காதிருக்க மதில் கட்டினார்கள். நல்ல எண்ணம்தான், கதவின் திறவுகோல் அவர்களிடம் இருந்தது. இவற்றையெல்லாம் இந்நாட்டார் வரிசையாக என்னிடம் சொன்னபோது நான் எழுதிக்கொண்டே வந்தேன். மருத்துவச்சி ஒச்சாயி சொன்னபோது எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒச்சாயி இந்நாட்டில் பிள்ளைப்பேறு பார்ப்பவள். மருத்துவ ஏடு படிக்க வேண்டி எழுத்துக் கற்றவள். நாட்டுக்கு வரும் அரச ஓலையை வாசிப்பவளும் அவளே, வேறு ஆள் இல்லை. சென்ற மாசியில் ஒரு குதிரைச் சேவகன் தன் பெட்டைக் குதிரைக்குப் பேறுகாலம் என்று அவளை அழைத்துப் போனான். கூலி அவள் வாழ்நாளில் காணாதது. குட்டி குறுக்கே கிடந்தது. அது வெளிவரும்வரை அவளை விட மனமின்றி வாயிற்கதவைத் தாழிட்டான். அதே பகலில் வரப்புக் குடிசையில் அவள் மகளுக்கு வலி கண்டது. மகள் கத்திய கத்தல் அந்த வீட்டு மதிலுக்குள்ளும் கேட்டதென்கிறாள். குட்டியை நிற்கவைத்துவிட்டு அவள் ஓடியபோது அங்கே இரண்டு பிணம் இருந்தது.

ஆனியில் நாட்டுக்கிழான் சடையன் முதலாக ஊர்கள் பதினொன்றும் கூடித் தேவரீருக்கு விண்ணப்பம் விடுத்தன. இனி ஒரு குடும்பமும் அனுப்ப வேண்டா, இருப்பவர்கள் இருக்கட்டும், துண்டு முறையை மட்டும் அரச ஆணையாக்குக என்றார்கள். மூன்றாம் கூட்டம் நூறு குடும்பம் அப்போது வண்டி கட்டிக்கொண்டிருந்தது. தேவரீர் வேட்டைக்குப் புறப்படும் அவசரத்தில், அங்கவடியில் ஒரு கால் வைத்தபடி, இரண்டே சொல்லில் மறுமொழி சொன்னீர்: 'வந்தாரைக் குடியேற்றுக.' நான் அதை அப்படியே கீறி, சுருட்டி, இலச்சினை இட்டு அனுப்பினேன். மேலும் இரண்டு சொல் சேர்க்கவா என்று கேட்டிருக்கலாம். குதிரை அவசரப்பட்டது, நானும் அவசரப்பட்டேன்.

எழுத்தைப் பற்றித் தேவரீருக்கு நான் சொல்லியாக வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். குறிலுக்குத் தலையில் ஒரு புள்ளி, நெடிலுக்குப் புள்ளி இல்லை, அவ்வளவே வேற்றுமை. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் இலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் ஒருவரும் குத்துவதில்லை. வாசிப்பவன் இடமறிந்து வாசித்துக்கொள்வான். எனக்கு அப்படித்தான் கற்பித்தார்கள், என் கீழ் உள்ளவர்களுக்கு நானும் அப்படித்தான் கற்பித்தேன். ஆகையால் நான் எழுதிய 'குடியேற்றுக' என்னும் சொல்லை 'குடி எற்றுக' என்றும் வாசிக்கலாம். வந்தவர்களைக் குடியமர்த்துக என்பது ஒன்று. வந்தவர்களை இந்நாட்டுக் குடிகள் அடித்துத் தள்ளுக என்பது மற்றொன்று. இருபத்தாறு யாண்டில் எந்த நாட்டிலும் இந்தத் தடுமாற்றம் வந்ததில்லை, ஏனெனில் எந்த நாட்டிலும் நான் இப்படிப் பசித்தவர்களுக்கு எழுதியதில்லை.

ஓலை ஆடித் திங்கள் சந்தை நாளில், உச்சிப்பொழுதில் வந்தது. மூன்றாம் கூட்டத்தின் வண்டிகளும் அதே வேளையில் சந்தைத் திடலுக்குள் வந்து நின்றன. ஒச்சாயி நெல் மூட்டை மேல் ஏறி ஓலையைப் பிரித்தாள். அதன் பிறகு நடந்ததை அவள் வாய்மொழியிலேயே தருகிறேன்; நான் திருத்தினால் கெட்டுவிடும்.

"மொதல்ல குடியேத்துகன்னுதான் படிச்சேன், ஐயா. அத்தன பேரும் என்னயே பாத்துக்கிட்டு நின்னாங்க. என் கண்ணுதான் தப்பாப் பாக்குதோன்னு திரும்பப் பாத்தேன். புள்ளி இல்ல. எழுதுனவரு வைக்காம விட்டாரு, நான் வச்சேன். குடியெத்துகன்னு படிச்சேன். அதுக்கப்புறம் நான் படிக்கவே இல்ல, அவங்களே படிச்சுக்கிட்டாங்க."

எற்றினார்கள். படைக்கலம் ஒருவரிடமும் இல்லை. சந்தைக்கு வந்தவர்களிடம் இருப்பதுதான் இருந்தது. நுகத்தடியால் அடித்தார்கள், உலக்கையால் இடித்தார்கள், எடைக்கல்லால் மண்டையைப் பிளந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கக் காலைத் தொங்கவிட்ட ஒருவனை அந்தக் காலைப் பிடித்தே இழுத்துச் சக்கரத்தில் மோதினார்கள். அஞ்சி மிரண்ட மாடுகள் கட்டவிழ்த்துக்கொண்டு விழுந்தவர்கள் மேல் ஓடின. உப்புக் குவியலில் ஒருவனை முகம் புதைத்து, அவன் அடங்கும்வரை முதுகின் மேல் நின்றிருக்கிறார்கள். பெண்டிரையும் பிள்ளைகளையும் தொடவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் எழுதி வாங்கிய இறந்தவர் பெயர்களில் நால்வர் பெண்டிர். ஒரு நாழிகையில் எல்லாம் முடிந்தது. அறுபத்திரண்டு பேர் இறந்தார்கள்.

அறுபத்திரண்டில் ஒருவன் பரியன், என் தங்கை கொற்றியின் கணவன். முதற்கூட்டத்தில் வந்த குதிரைச் சேவகன்; என் ஓலையை நம்பி, என் பேச்சைக் கேட்டு இங்கே வந்தவன். வந்தவர்களுள் அவன் ஒருவனே துண்டுக்குள் கைவிடக் கற்றவன். ஒச்சாயி வாசித்த வேளையில் அவன் ஒரு கன்றுக்காக நாட்டுக்கிழான் சடையனோடு கைகோத்திருந்தான். கூக்குரல் எழுந்தது. சடையன் அவன் விரல்களை விடவில்லை. இடக்கையால் அரிவாளை எடுத்து, அவன் கழுத்தில் மூன்று முறை வெட்டினான். பிணத்தை எடுத்தவர்கள், அவன் கையின் மேல் துண்டு அப்படியே கிடந்ததென்றார்கள்.

எட்டாம் நாள் தண்டநாயகன் விடங்கன் நானூறு குதிரைகளோடு வந்தான். பதினொரு ஊர்களில் ஏழுக்குத் தீயிட்டான். சந்தைக்கே போகாத ஊர்களும் அவற்றுள் உண்டு; எது எது என்று அவன் கேட்கவில்லை. கூரையோடு முதியவர்கள் எரிந்தார்கள். ஓடியவர்களைக் கயிற்றில் கட்டிக் குதிரைக்குப் பின்னால் இழுத்து, தோல் உரிந்தபின் வாய்க்காலில் எறிந்தான். களத்து நெல்லையும் கொளுத்தினான். பிணம் எண்ணப் போன சேவகன் நூற்று நாற்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் வந்து இறங்கியபோது விடங்கன் இவற்றையெல்லாம் எனக்குச் சுற்றிக் காட்டினான், புது வீடு கட்டியவன் காட்டுவது போல. குறுஞ்சுனை நாட்டில் இப்போது எல்லாமே மலிவு, தேவரீர். ஏழு ஊர்களில் வீடு கேட்டால் சும்மாவே கிடைக்கும். கூரை மட்டும் இல்லை.

மாட்டுப்பட்டியில் அடைத்திருந்த முப்பத்தேழு பேரை நான் ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒருவனும் மறுக்கவில்லை. சடையனிடம், பரியன் உனக்குச் செய்த தீங்கு என்னவென்று கேட்டேன். நீதி செலுத்த வந்தவன் போலக் கேட்கவில்லை. அவன் தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதியபடி கேட்டேன். இதையும் தேவரீர் அறிந்துகொள்க. அவன் மூக்கிலிருந்து வழிந்த குருதியைத் துடைக்காமலே சொன்னான்.

"அவரு ஒண்ணும் செய்யலீங்க. அன்னிக்கு வெரல்ல அவரு காட்டுனதும் நாயமான வெலதான். ஆனா ராசா எத்தச் சொல்லிட்டாருன்னா, இவரு நல்லவரு, இவரு கெட்டவருன்னு நாங்க பொறுக்கிக்கிட்டு இருக்க முடியுங்களா? அடிக்கச் சொன்னா அடிக்கணும், கட்டச் சொன்னா கட்டணும். அப்படித்தானுங்களே எங்கள வச்சிருந்தீங்க?"

இவர்கள் ஆணையை மீறியவர்களா, ஆணைக்குப் பணிந்தவர்களா என்று மூன்று நாள் எண்ணினேன். பணிந்தவர்கள்தான். தங்களுக்கு வேண்டியபடி பணிந்தவர்கள் என்பதும் உண்மைதான். ஒச்சாயி முதலில் சரியாக வாசித்தாள், அதை அவர்கள் கேட்டார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குள் தேவரீரின் ஓலை வந்து எனக்கு நிறுக்கும் வேலை இல்லாமல் செய்தது: 'பிடிபட்டார் முப்பத்தெழுவரும் கழுவேற்றுக.'

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று மகிழ்ச்சியாக இருந்தது. தச்சர்களை அழைத்து வேங்கை மரத்தில் முப்பத்தேழு கழுக்கள் சீவச் சொன்னேன். முனைகள் கூர்தானா என்று என் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். குருதி வந்தது, நன்று என்றேன். சடையனுக்குரிய கழுவை மட்டும் சற்று மழுங்கலாகச் சீவும்படி தச்சனிடம் தனியே சொன்னேன், மெல்லச் சாகட்டும் என்று. இருபத்தாறு யாண்டு எழுத்தையே ஆண்ட என் கை இவ்வளவு செய்யும் என்று எனக்கே தெரியாது. எரியாத ஊர் ஒன்றில் தங்கியிருந்த என் தங்கைக்கும், வந்து பார் என்று ஆள் விட்டேன்.

கழுவேற்ற வேண்டிய நாள் காலையில் கொற்றி வந்தாள். கழுக்கள் நட்டாகிவிட்டன; முப்பத்தேழு பேரும் கை கட்டப்பட்டு நின்றார்கள்; அறுபத்திருவரின் வீட்டாரில் மிஞ்சியவர்கள் ஒருபுறம், இந்நாட்டார் ஒருபுறம், நடுவே விடங்கனின் குதிரைகள். அவள் தோளில் கணவனின் துண்டு கிடந்தது, கறையோடு. என்னைத் தாண்டிப் போய்ச் சடையன் முன் நின்றாள். "அண்ணா, இவன் கைக்கட்ட அவுக்கச் சொல்லு. இவன்கிட்ட எனக்கு ஒரு பேரம் இருக்கு" என்றாள்.

அவிழ்க்கச் சொன்னேன். அவள் கையை நீட்டித் துண்டை விரித்தாள். அவன் வலக்கையை உள்ளே விட்டான். அத்தனை பேரும் பார்த்தோம், துண்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெகுநேரம் நின்றார்கள். அவள் அவனுடைய நான்கு விரல்களையும் அடியோடு சேர்த்துப் பிடித்தாளாம்; பரியனின் விரல்களைப் பிடித்து நிறுத்திய அதே நான்கு விரல்கள். அவள் கேட்கும் விலை இன்னதென்று அவன் விளங்கிக்கொண்டு தலையசைத்தான். கை வெளியே வந்தது. தச்சனின் உளியைக் கேட்டு வாங்கி, தனக்கென்று நட்ட கழுவின் அடிமரத்தில் வலக்கையை விரித்து வைத்து, இடக்கையாலேயே உளியை ஓங்கிக் குத்தினான். ஒரே குத்தில் போகவில்லை. நான்கு விரலும் போகும்வரை குத்தினான், கத்தவில்லை. கொற்றி கடைசிவரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டாலேயே அவன் கையை இறுகக் கட்டினாள்.

என்னிடம் வந்து, "வெல படிஞ்சிருச்சு. அந்தக் கை இனி எந்தத் துண்டுக்குள்ளயும் வராது. என் பேரைச் சொல்லி இனி ஒருத்தரையும் கொல்லாத" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன், நானூறு குதிரை வீரர் பார்க்க.

பிறகு தேவரீரின் ஓலையை எடுத்து உரக்க வாசித்தேன். தேவரீர் சினத்தில் 'முப்பத்தெழுவரையும்' என்பதன் வேற்றுமை உருபை விழுங்கிவிட்டீர். நான் பழக்கிய எழுத்தன் புள்ளியை விட்டுவிட்டான். 'பிடிபட்டார் முப்பத்தெழுவரும் கழு எற்றுக' என்று வாசித்தேன். பிடிபட்ட முப்பத்தேழு பேரும் கழுவை உதைத்துத் தள்ளுக என்பது அதன் பொருள். ஓலையின் வாசகத்தில் ஐயம் வந்தால் ஓலைநாயகம் வாசித்ததே வாசகம் என்பது தேவரீர் முடிசூடிய நாளில் கல்லில் வெட்டுவித்த ஆணை. விடங்கன் வாளை உருவிக்கொண்டு வந்தான். உருவிய வாளோடு அரச ஓலையின் முன் நிற்பவன் யாராக இருந்தாலும் அவன் தலை என்னாகும் என்பதும் அதே கல்லில் இருக்கிறது என்று அவனுக்கு எடுத்துரைத்தேன். வாள் உறைக்குள் போயிற்று. முப்பத்தேழு பேரும் தங்கள் தங்கள் கழுவை எட்டி உதைத்தார்கள். ஆழமாக நட்டிருந்ததால் எளிதில் சாயவில்லை; காலில் குருதி கட்டும்வரை உதைத்தார்கள். வந்தவர்களின் வீட்டுப் பெண்டிரில் இருவர் என் மேல் கல்லெறிந்தார்கள். ஒன்று நெற்றியில் பட்டது. அவர்களை நான் தடுக்கவில்லை, அவர்கள் கணக்கில் அது சரிதான்.

செய்தது நீதியா என்று தேவரீர் கேட்டால், தெரியாது என்பேன். அறுபத்திரண்டுக்கு நான்கு விரல் ஈடாகாது. ஏழு ஊருக்கு விடங்கன் எந்த விரலும் கொடுக்கவில்லை. எழுதிய எனக்கும் சொன்ன தேவரீருக்கும் நகம்கூடப் பெயரவில்லை. இதுவரை இறந்தவர்கள் எல்லாரும் தேவரீரின் சொல்லுக்கும் என் எழுத்துக்கும் இடையில் அகப்பட்டு இறந்தவர்கள், வந்தவர்களும் இருந்தவர்களும். அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தவனைக் கழுவில் ஏற்றுவதானால், எழுதியவனை முதலில் ஏற்ற வேண்டும். ஆகையால் நான் மாட்டுப்பட்டிக்குள் வந்து முப்பத்தெட்டாமவனாக உட்கார்ந்திருக்கிறேன். சாணத்தின் மேல் வைக்கோல் பரப்பி, சடையனுக்கும் உழவன் ஒருவனுக்கும் நடுவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒச்சாயி காலையும் மாலையும் வந்து சடையன் கைக்கு மருந்து வைக்கிறாள். பட்டியைச் சுற்றிக் குதிரைகள் நிற்கின்றன. இலச்சினை என் விரலில் இருக்கும்வரை விடங்கன் உள்ளே வரமாட்டான், அதன் பிறகு அரைநாழிகைகூடப் பொறுக்கமாட்டான்.

இந்த இலச்சினையால் நான் இடும் கடைசி ஆணைகளைத் தேவரீர் அறிந்தருள்க. சுனையின் மதில் இடிக்கப்பட்டது. இந்நாட்டில் உப்பும் நெல்லும் வீடும் துண்டுக்குள்ளே மட்டுமே விலை பேசப்படும்; வாயால் கூவுபவன் வந்தவனாயினும் இருந்தவனாயினும் ஓராண்டு சந்தைக்குப் புறம்பு. வந்தவர்களில் தங்க விரும்புவோர் தங்கலாம். நாற்பத்தொரு குடும்பம் தங்குவதாகச் சொல்லியிருக்கிறது, கொற்றியின் குடும்பம் அதில் ஒன்று. விடங்கனைத் தேவரீர் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அவன் இங்கே நிற்கும்வரை உழ ஒருவரும் வரப்பில் இறங்கமாட்டார்கள், தையில் தின்ன ஒன்றும் இராது. நான்காம் கூட்டம் புறப்பட்டிருந்தால் வழியில் நிறுத்துக. அவர்களுக்கும் நல்ல காற்று வேண்டும்தான், ஆனால் இங்கே வீசும் காற்றில் இன்னும் பிண நாற்றம் போகவில்லை.

மழை பொழிக, மடி சுரக்க, மாற்றார் பணிக. ஓலைநாயகன் எயினன் காரி என் கையெழுத்து. இதன் மேல் வைத்திருப்பது தேவரீரின் புலிநக இலச்சினை; வைத்தபின் அரக்கு ஆறுமுன்னே, விடங்கன் அறியாதபடி மோதிரத்தைக் கழற்றி இவ்வோலையோடே அனுப்பிவிட்டேன், அது தேவரீர் கைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இதற்கு மறு ஓலை விடுத்தருள வேண்டா. விடுத்தால் வாசிக்க இந்நாட்டில் ஆள் இல்லை. ஒச்சாயி இனி ஓலையைத் தொடுவதில்லை என்கிறாள், நானும் தொடேன். எங்களைக் கொல்லத் திருவுளமானால் தேவரீரே எழுந்தருளி, பட்டியின் வாயிலில் நின்று, முப்பத்தெட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தச் சொல்லைத் திருவாய் திறந்து சொல்லியருள்க.